புவியியல் (கல்லூரிப் பாடம்)

புவியியல், கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்காகக் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்றாகும். இப் பாடம் பொதுவாக இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறது. நிலவுருவங்கள், காலநிலை, நீர், மண், உயிரினங்களின் பரவல் ஆகியவற்றை ஆராயும் பிரிவு இயற்கைப் புவியியல் எனப்படும். மக்கள் தொகை, குடியிருப்பு, வேளாண்மை, தொழில், போக்குவரத்து, நகரங்கள், அரசியல் எல்லைகள் முதலியன புவிப்பரப்பில் எவ்வாறு அமைந்துள்ளன, ஏன் அவ்வாறு அமைந்துள்ளன என்பவற்றை ஆராயும் பிரிவு மானிடப் புவியியல் எனப்படும். நிலப்படவியல், தொலையுணர்வு, புள்ளியியல், களஆய்வு ஆகிய நுட்பங்கள் இவ்விரு பிரிவுகளுக்கும் பொதுவானவை.

பள்ளிக்கூடங்களில் புவியியல் என்பது தலைநகரங்களையும், ஆறுகளையும், விளைபொருட்களையும் மனப்பாடம் செய்யும் பாடமாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. கல்லூரிப் பாடம் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. எது எங்கே உள்ளது என்பதோடு நில்லாது, அது ஏன் அங்கே உள்ளது, அங்கே இருப்பதால் என்ன விளைகிறது, யாருக்கு விளைகிறது என்பவையே அங்குக் கேட்கப்படும் கேள்விகளாகும்.

பெயரும் கலைச்சொற்களும்

தமிழில் இத் துறை முன்னர் பூகோளம், பூகோள சாத்திரம், பூமிசாத்திரம் எனப் பல பெயர்களால் வழங்கியது. ரேனியஸ் பாதிரியார் எழுதி 1832 ஆம் ஆண்டில் வெளிவந்த பூமிசாஸ்திரம் என்னும் நூல், தமிழில் அச்சான தொடக்ககாலப் புவியியல் நூல்களுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் கலைச்சொற்கள் பல இடங்களில் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் இயற்கைப் புவியியல் எனப்படுவது இலங்கையில் பௌதீகப் புவியியல் ஆகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பாறைச் சிதைவு எனக் குறிப்பதை இலங்கை நூல்கள் வானிலையாலழிதல் என்கின்றன. நிலவுருவங்களை ஆராயும் துறை ஒருபுறம் புவிப்புறவியல் என்றும், மறுபுறம் புவிவெளியுருவவியல் என்றும் வழங்குகிறது. ஒரு நாட்டு நூலை மறு நாட்டு மாணவர் படிக்கும்போது முதலில் தடையாக இருப்பது பாடப்பொருள் அன்று, இச் சொற்களே. எனினும் வானிலையாலழிதல் போன்ற சொற்கள் நிகழ்வின் காரணத்தையும் தம்முள் கொண்டிருப்பதால், பழகிவிட்டால் நினைவில் நிற்பவை என்பதையும் குறிப்பிடவேண்டும். இக் கட்டுரையில் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு பின்பற்றப்படுகிறது.

பல்கலைக்கழகப் பாடமாக உருவான வரலாறு

புவியைப் பற்றிய எழுத்து மிகப் பழமையானது. ஆனால் புவியியல் ஒரு தனிப் பல்கலைக்கழகத் துறையானது பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னரும் சில குறிப்பிடத்தக்க முயற்சிகள் இருந்தன. பெர்னார்டு வரேனியஸ் 1650 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுப் புவியியல் நூல், உலகம் முழுமைக்கும் பொதுவான விதிகளையும் தனித்தனி நாடுகளைப் பற்றிய விவரங்களையும் வேறுபடுத்திக் காட்டியது. இந் நூலைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்காக 1672 இல் பதிப்பித்தவர் ஐசக் நியூட்டன். மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1756 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இயற்கைப் புவியியல் விரிவுரைகளை நிகழ்த்தினார். தமது ஊரை விட்டு அதிகத் தொலைவு சென்றறியாத ஒருவர் உலகம் முழுவதைப் பற்றியும் பாடம் நடத்தினார் என்பது வியப்புக்குரியது. பயணிகள் எழுதிய நூல்களே அவருக்குக் களமாக இருந்தன.

இதற்கு நேர்மாறானவர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட். இவர் 1802 இல் ஈக்குவடோரின் சிம்பராசோ மலையில் ஏறியபோது, உயரம் கூடக்கூட வெப்பநிலையும் தாவரங்களும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அளந்து, அதனை ஒரே படத்தில் வரைந்து காட்டினார். தட்பவெப்பம், தாவரம், உயரம், பயிர்த்தொழில் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்கும் முறைக்கு இப் படம் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. இவரது சமகாலத்தவரான கார்ல் ரிட்டர் 1820 இல் பெர்லினில் புவியியல் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். இருவரும் ஒரே ஆண்டில், 1859 இல், மறைந்தனர். பிரஷ்ய அரசு 1874 இல் தனது பல்கலைக்கழகங்களில் புவியியல் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்த முடிவு செய்தது. இதன் பின்னரே இத் துறை ஐரோப்பாவில் நிலைபெற்றது.

பிரித்தானியாவில் ஹால்ஃபோர்ட் மக்கிண்டர் 1887 இல் அரச புவியியல் கழகத்தில் ஆற்றிய உரை முக்கியமானது. இயற்கை அறிவியல்களுக்கும் மனிதனைப் பற்றிய கல்விக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளிக்குப் பாலமாகப் புவியியல் அமையவேண்டும் என அவர் வாதிட்டார். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டில் புவியியல் விரிவுரையாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. பாலம் பற்றிய இந்த வாக்குறுதியை இத் துறை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்பதே அதன் பிற்கால வரலாறு முழுவதும் எழுப்பப்படும் கேள்வியாகும்.

பேரரசுகளின் விரிவாக்கமும் இத் துறையின் வளர்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க இயலாது. கைப்பற்றிய நாடுகளை அளக்கவும், வரி விதிக்கவும், படை நடத்தவும் நிலப்படங்கள் தேவைப்பட்டன. இந்திய நில அளவைத் துறை 1767 இல் தொடங்கப்பட்டது. வில்லியம் லாம்டன் 1802 இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, பின்னர் பெரும் முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார். இமயமலைச் சிகரங்களின் உயரங்களைக் கணிக்க உதவிய வலைப்பின்னல் இவ்வாறு தமிழ்நாட்டில் தொடங்கியதாகும்.

இந்தியாவில் கல்லூரிப் பாடமாகப் புவியியல் 1920களில் வேரூன்றியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1924 இல் புவியியல் துறை தொடங்கியது. சென்னையில் 1926 இல் சென்னைப் புவியியற் சங்கம் அமைக்கப்பட்டு, ஆய்விதழ் ஒன்றையும் வெளியிட்டது. இதுவே பின்னர் இந்தியப் புவியியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இலங்கையில் 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிக்கப்பட்டது. பின்னர் பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலும் இப் பாடம் தொடர்ந்தது.

இயற்கைப் புவியியல்

இளநிலைப் பட்டத்தின் முதலாண்டில் பெரும்பாலும் இப் பிரிவே முதலில் கற்பிக்கப்படுகிறது. புவியின் உள்ளமைப்பு, நிலத்தட்டுகளின் நகர்வு, பாறை வகைகள் ஆகியவற்றில் தொடங்கி, ஆறு, காற்று, பனி, கடலலை ஆகியவை நிலத்தைச் செதுக்கும் முறை வரை இது செல்லும்.

இங்கு மாணவர் கற்றுக்கொள்ளும் முதன்மையான செய்தி காலத்தின் அளவாகும். வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899 இல் முன்வைத்த அரிப்புச் சுழற்சிக் கோட்பாடு, ஒரு நிலப்பரப்பு இளமை, முதிர்ச்சி, முதுமை என்னும் நிலைகளைக் கடந்து ஏறத்தாழச் சமவெளியாகிறது எனக் கூறியது. கேட்பதற்கு எளிதாகவும், வரைவதற்கு அழகாகவும் இருந்ததனால் இது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களை ஆண்டது. ஆனால் இக் கோட்பாட்டை அளந்து சோதிப்பது அரிது. ராபர்ட் ஹோர்டன் 1945 இலும், ஆர்தர் ஸ்ட்ராலர் 1952 முதலும் ஆற்றுக் கிளைகளை வரிசைப்படுத்தி, நீளம், சரிவு, வடிநிலப் பரப்பு ஆகியவற்றை எண்களால் ஆராயும் முறையை உருவாக்கினர். இன்று மாணவர்கள் ஆற்றுவடிநிலப் பயிற்சியில் முதலில் செய்வது இவ் வரிசைப்படுத்தலேயாகும். கிளையே இல்லாத ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை. ஆனால் இரண்டாம் வரிசை ஓடையுடன் முதல் வரிசை ஓடை சேர்ந்தால் வரிசை மாறுவதில்லை. இந்தக் கடைசி விதியில்தான் தேர்வுத்தாள்களில் பலர் தவறுவர்.

காலநிலையியலில் விளாடிமிர் கோப்பென் 1884 முதல் உருவாக்கித் திருத்திவந்த வகைப்பாடும், தோர்ன்த்வெயிட் 1948 இல் வெளியிட்ட நீர்ச்சமநிலை முறையும் தவறாது கற்பிக்கப்படுகின்றன. தோர்ன்த்வெயிட்டின் முறையில் மழை எவ்வளவு பெய்தது என்பது மட்டும் போதாது. ஆவியாதலும் தாவரங்களின் நீராவிப்போக்கும் எவ்வளவு நீரைக் கேட்கின்றன என்பதும் கணக்கிடப்படும். இலங்கையின் உலர் வலயத்தை விளக்க இது மிகப் பொருத்தமானது. அங்கு ஆண்டு மழை பல ஐரோப்பிய நகரங்களின் மழையைவிட அதிகம். ஆயினும் அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் சில மாதங்களில் பெய்து முடிந்துவிட, எஞ்சிய மாதங்களில் வெப்பம் நீரைக் குடித்துவிடுகிறது. குளங்களைக் கட்டி நீரைத் தேக்கிய பழைய நாகரிகம் அங்கு ஏன் தோன்றியது என்பதற்கான விடையின் பாதி இக் கணக்கில் உள்ளது. மறுபாதி அரசு, உழைப்பு, நிலவுடைமை ஆகியவற்றில் உள்ளது. அது மானிடப் புவியியலின் பொருளாகும்.

மண்ணியல், உயிர்ப்புவியியல், கடலியல் ஆகியவையும் இப் பிரிவில் அடங்கும். பல கல்லூரிகளில் இவை மேலோட்டமாகவே கற்பிக்கப்படுகின்றன.

மானிடப் புவியியல்

மானிடப் புவியியலின் தொடக்ககாலக் கேள்வி, இயற்கைச் சூழல் மனிதனை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதாகும். ஃபிரீட்ரிக் ராட்செல் 1882 இல் தமது மானிடப் புவியியல் நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். அவரிடம் பயின்ற எலன் செம்பிள் அமெரிக்காவில் இக் கருத்தை மேலும் வலியுறுத்தினார். வெப்ப நாட்டு மக்கள் சோம்பர், குளிர் நாட்டு மக்கள் உழைப்பாளிகள் என்னும் வகையான முடிவுகள் இக் காலத்து நூல்களில் அறிவியல் போல எழுதப்பட்டன. குடியேற்ற ஆட்சிக்கு இது வசதியான கோட்பாடு. பிரான்சில் விடால் டி லா பிளாஷும் அவர் வழிவந்தோரும் இதற்கு மாறாக, இயற்கை பல வாய்ப்புகளை வழங்குகிறது, எதைத் தேர்ந்துகொள்வது என்பது சமூகத்தைப் பொறுத்தது என்றனர். இவை முறையே சூழல் தீர்மானவாதம், சாத்தியவாதம் எனப்படும். மாணவர்கள் இவ்விரண்டையும் எதிரெதிரான இரு பத்திகளாகத் தேர்வுக்குப் படித்துவிட்டுச் செல்வது வழக்கம். ஆனால் முதலாவது கோட்பாடு செய்தித்தாள்களிலும் அன்றாடப் பேச்சிலும் இன்னும் உயிரோடிருப்பதால், அதனை அடையாளம் காணும் பயிற்சி தேர்வோடு முடிந்துவிடக்கூடாது.

அடுத்து வருவன இடவமைவுக் கோட்பாடுகள். ஃபொன் தியூனன் 1826 இல், சந்தையிலிருந்து உள்ள தூரமும் போக்குவரத்துச் செலவும் ஒரு நிலத்தில் என்ன பயிரிடப்படும் என்பதைத் தீர்மானிக்கும் எனக் காட்டினார். விரைவில் கெடும் பாலும் காய்கறியும் நகரத்துக்கு அருகிலும், தொலைவு தாங்கும் தானியம் அப்பாலும் விளையும். வால்டர் கிறிஸ்டாலர் 1933 இல், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து, சிற்றூர், சந்தையூர், நகரம் ஆகியவை அறுகோண வடிவில் படிநிலையாக அமையும் என்னும் மைய இடக் கோட்பாட்டை வெளியிட்டார். இக் கோட்பாடு மழை, மலை, வரலாறு எதையும் கருதாத சமதளம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மெய்யான ஊர்கள் இவ்வாறு அமைவதில்லை என்று மாணவர்கள் சொல்வதுண்டு. எங்கே, எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து, விலகலுக்குக் காரணம் தேடுவதுதான் கோட்பாட்டின் பயன். தமது ஊரைச் சுற்றியுள்ள வாரச்சந்தைகளை நாள்வாரியாக நிலப்படத்தில் குறித்துப் பார்க்கும் எவரும் இதனை எளிதில் உணரலாம்.

கிறிஸ்டாலரின் வாழ்க்கையில் மற்றொரு பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, கைப்பற்றப்பட்ட போலந்தில் ஜெர்மானியக் குடியேற்றங்களை அமைக்கும் நாட்சி அரசின் திட்டமிடலில் அவர் பணியாற்றினார். அங்கே வாழ்ந்தவர்களை அகற்றிவிட்டு வரையப்படும் அறுகோணங்கள் அவை. பல பாடநூல்கள் இதனைக் குறிப்பிடாமலே கோட்பாட்டை மட்டும் கற்பிக்கின்றன. குறிப்பிடவேண்டும் என்பதே இக் கட்டுரையின் கருத்து.

1950களிலும் 1960களிலும் புள்ளியியல் முறைகள் பெருமளவில் புகுந்தன. இதனை அளவறிப் புரட்சி என்பர். இதன் முன்னணி நூல்களுள் ஒன்றை 1969 இல் எழுதிய டேவிட் ஹார்வி, நான்கே ஆண்டுகளில், 1973 இல், சமூக நீதியும் நகரமும் பற்றிய நூலில் தமது முந்தைய நிலையிலிருந்து விலகினார். நகரின் வறுமையைத் துல்லியமாக அளப்பதால் மட்டும் அது ஏன் நிலைக்கிறது என்பது விளங்காது என்பது அவரது வாதம். இதே காலத்தில் யி-ஃபூ துவான் போன்றோர், ஒரு வெற்றிடம் மனிதர்க்கு எவ்வாறு நினைவும் பற்றும் கொண்ட இடமாகிறது என ஆராய்ந்தனர்.

மக்கள்தொகைப் புவியியல், நகரப் புவியியல், அரசியல் புவியியல், மருத்துவப் புவியியல் ஆகியவை பிற கிளைகள். இறுதியாகக் கூறியதற்கு முன்னோடி புவியியலாளர் அல்லர், மருத்துவரான ஜோன் ஸ்னோ. 1854 இல் இலண்டன் சோஹோ பகுதியில் பரவிய வாந்திபேதிச் சாவுகளை அவர் நிலப்படத்தில் குறித்தபோது, அவை பிராட் தெருக் குழாயடியைச் சுற்றித் திரண்டிருப்பது தெரிந்தது.

ஒரு பாடமா, இரு பாடங்களா?

இயற்கைப் புவியியல் ஆசிரியர் நிலவியலாளரோடும் வானிலையாளரோடும் பேசுகிறார். மானிடப் புவியியல் ஆசிரியர் பொருளியலாளரோடும் சமூகவியலாளரோடும் பேசுகிறார். இருவரும் ஒரே துறையின் அடுத்தடுத்த அறைகளில் இருந்தும் ஒருவர் கட்டுரையை ஒருவர் படிப்பதில்லை என்பது பல நாடுகளிலும் கேட்கப்படும் குறை. பட்டத்தின் பெயரிலும் இப் பிளவு தெரிகிறது. தமிழ்நாட்டில் புவியியல் பெரும்பாலும் இளம் அறிவியல் பட்டமாக வழங்கப்படுகிறது. இலங்கையில் அது பெரும்பாலும் கலைப்பீடத்தைச் சேர்ந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவர் எடுக்கும் பாடங்களைப் பொறுத்து இரண்டில் ஒன்று வழங்கப்படும்.

இப் பிளவுக்கு விலையும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1948 இல் புவியியலைத் துறையாக நடத்துவதைக் கைவிட்டது. இதற்குப் பணம், ஆட்களுக்கிடையேயான பகை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும் இத் துறை எதைத் தனக்கே உரிய பொருளாகக் கொண்டுள்ளது என்னும் கேள்விக்கு அப்போது தெளிவான விடை இல்லாமையும் அவற்றுள் ஒன்றாகும். அதே பல்கலைக்கழகம் 2006 இல் புவியியல் பகுப்பாய்வுக்கென ஒரு மையத்தைத் தொடங்க நேர்ந்தது.

பிளவைத் தாண்டிய ஆய்வுகளும் உள்ளன. கில்பர்ட் வைட் சிகாகோவில் 1942 இல் எழுதி 1945 இல் வெளியான ஆய்வில், வெள்ளத்தைத் தடுக்க அணைக்கரை கட்டக்கட்ட, அதனை நம்பி மக்கள் வெள்ளச் சமவெளியில் குடியேறுவதால் இழப்பு குறையாமல் கூடலாம் என விளக்கினார். பியர்ஸ் பிளைக்கி 1985 இல் மண்ணரிப்பின் அரசியல் பொருளாதாரம் பற்றி எழுதினார். சரிவில் உழும் ஏழை உழவரின் அறியாமையே மண்ணரிப்புக்குக் காரணம் என்ற கருத்தை மறுத்து, அவர் ஏன் அந்தச் சரிவுக்குத் தள்ளப்பட்டார் என அவர் கேட்டார்.

எடுத்துக்காட்டு: சென்னையின் நீர்

இரு பிரிவுகளும் ஏன் சேர்த்துக் கற்கப்படவேண்டும் என்பதற்குச் சென்னை நகரம் தக்க எடுத்துக்காட்டாகும். 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரைபுரண்டு நகரின் தென்பகுதி மூழ்கியது. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2019 கோடையில், நகருக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ முழுவதும் வறண்டன.

இயற்கைப் புவியியல் இதற்குத் தரும் விளக்கம் பின்வருமாறு. நகரம் மிகக் குறைந்த சரிவுடைய கடற்கரைச் சமவெளியில் உள்ளது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் ஆண்டின் பெரும்பகுதி ஓட்டமற்றவை. கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணல், ஓட்டம் குறைந்த ஆற்றின் முகத்துவாரங்களை அடைத்துவிடும். ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதிலும் சில நாட்களில், கொட்டிவிடுகிறது. பருவமழை பொய்த்தால் அடுத்த ஆண்டுக்கு நீர் இல்லை.

இம் மணல் நகர்விலேயே மனிதன் வந்துவிடுகிறான். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் வடக்கு நோக்கிச் சென்ற மணலைத் தடுத்தன. தெற்கே மெரீனா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் நிலத்தைத் தின்றது. ஒரே சுவர் ஒரு பகுதியினர்க்கு உலாவிடமாகவும், மற்றொரு பகுதியினர்க்கு வீட்டிழப்பாகவும் ஆனது.

தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம் உள்ளது. சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து வழியும் மழைநீரை வாங்கி மெல்லக் கடலுக்கு விடும் தாழ்நிலம் இது. இதன் ஒரு பகுதியில் குப்பை கொட்டப்பட்டது. வேறு பகுதிகளில் சாலைகளும், நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் எழுந்தன. எஞ்சிய பகுதி 2022 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2015 வெள்ளத்துக்குப் பின், அடையாற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த பலர், அக் கரை வெள்ள அபாயமுடையது என்னும் காரணத்துடன், நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அமைந்த அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். முன்னரே கண்ணகி நகர், செம்மஞ்சேரி ஆகிய இடங்களிலும் இவ்வாறான மறுகுடியேற்றங்கள் நடந்திருந்தன. இவையும் இச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகளே. மழைக்காலத்தில் இங்கும் நீர் தேங்குகிறது. வேலைக்குச் செல்லும் தொலைவோ பல மடங்கு கூடியுள்ளது.

சரிவு வரைபடம் மட்டும் கற்ற மாணவர் இவ்விடங்களில் நீர் ஏன் தேங்குகிறது என்று சொல்லிவிடுவார். அங்கே ஏன் இவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டார். வீட்டுவசதிக் கொள்கை மட்டும் கற்ற மாணவரின் நிலை இதற்கு நேர்மாறானது.

செய்முறையும் நிலப்படங்களும்

புவியியல் மாணவர்க்குச் செய்முறைப் பாடம் கட்டாயமானது. அளவைகளை மாற்றுதல், நிலப்பட எறியங்களை வரைதல், சம உயரக் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டுத் தோற்றம் வரைதல், வானிலை வரைபடங்களைப் படித்தல், தள மேசை கொண்டு நிலம் அளத்தல் ஆகியவை வழக்கமான பயிற்சிகள். எறியங்கள் பலர்க்குச் சலிப்பூட்டும். ஆனால் மெர்கேட்டர் 1569 இல் கடலோடிகளுக்காக அமைத்த எறியத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றுவதையும், மெய்யில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது என்பதையும் ஒருமுறை தம் கையால் வரைந்து பார்த்தவர், பின்னர் எந்த உலகப்படத்தையும் ஐயமின்றி நோக்கமாட்டார்.

இடவிளக்கப் படங்கள் எனப்படும் 1:50,000 அளவைத் தாள்களைப் படிப்பது இப் பயிற்சியின் நடுநாயகம். இத் தாளில் 2 செ.மீ. நிலத்தில் 1 கி.மீ. ஆகும். இந்தியாவில் பல பத்தாண்டுகளாகக் கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. இதனால் கடலோர மாவட்டக் கல்லூரி மாணவர்கள் தமது சொந்த ஊரின் தாளைப் பெறமுடியாமல், எங்கோ உள்ள மலைநாட்டுத் தாளை வைத்துப் பயின்ற நிலை இருந்தது. 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசையும் பொதுமக்களுக்கு ஒரு வரிசையும் என நிலப்படங்களைப் பிரித்தது. 2017 முதல் பொது வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாகப் பெறும் வசதியும், 2021 இல் புவித்தரவுகளுக்கான தாராளமான விதிகளும் வந்தன.

தொலையுணர்வும் புவியியல் தகவல் முறைமையும் இன்று பாடத்திட்டத்தில் பெரும் இடம் பிடித்துள்ளன. அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 இலும், இந்தியாவின் முதலாவது தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 இலும் ஏவப்பட்டன. புவியியல் தகவல் முறைமை 1960களில் கனடாவில், அந் நாட்டின் நில வளங்களைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் தொடங்கிய பணியில் பிறந்தது. பல அடுக்கு நிலப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதே இதன் அடிப்படை. கணினியில் இது நொடிகளில் முடியும். அடுக்குகளில் உள்ள தரவு தவறானால் விடையும் அதே வேகத்தில் தவறாகும்.

களஆய்வு

தரவின் தவறுகளைக் கண்டறிய வேறு வழியில்லை, களத்துக்குச் செல்லவேண்டும். இதற்கு நல்ல சான்று, கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977 இல் வெளிவந்த பசுமைப் புரட்சி பற்றிய ஆய்வுநூல். இலங்கையின் உலர் வலயக் குடியேற்றங்களைப் பற்றி 1957 இல் நூலெழுதியவர் இவர். இந்திய, இலங்கை, பிரித்தானிய ஆய்வாளர்கள் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும், இலங்கையின் தென்கிழக்குப் பகுதியிலும் ஊர் ஊராகச் சென்று நெல் விளைச்சலை ஆராய்ந்தனர். உயர்விளைச்சல் நெல் வகைகள் பயிரிடப்பட்டதாக அரசுக் கணக்குகள் காட்டிய பரப்பைவிட, வயல்களில் கண்ட பரப்பு மிகக் குறைவாக இருந்தது. வட ஆர்க்காட்டில் புதிய நெல்லின் பரவல் கிணற்று நீரையும் மின் இறைப்பான்களையும் சார்ந்திருந்ததும், நிலத்தடி நீர்மட்டம் அதற்கு ஈடுகொடுக்குமா என்னும் ஐயமும் அப்போதே எழுப்பப்பட்டன. விதை, கடன், மின்சாரம் ஒருபுறமும், பாறை வெடிப்புகளில் தங்கும் நீர் மறுபுறமும் என, இயற்கைப் புவியியலும் மானிடப் புவியியலும் ஒரே கிணற்றில் சந்தித்த ஆய்வு இது.

இளநிலை மாணவரின் களப்பணி இவ்வளவு பெரிதன்று. ஓர் ஊரின் நிலப் பயன்பாட்டை வயல் வயலாகக் குறிப்பது, ஓடை ஒன்றின் குறுக்குவெட்டை அளந்து நீரோட்டத்தைக் கணிப்பது, ஒரு சந்தைக்கு வருவோர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றனர் என வினாத்தாள் கொண்டு கேட்பது போன்றவை வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மழைக்கு முன்னும் பின்னும் அளப்பது ஒரு நல்ல பயிற்சியாகும். வற்றாத ஆறு எதுவுமற்ற அந்தச் சுண்ணக்கல் நிலத்தில் குடிநீரும் தோட்டப் பயிரும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. சில கல்லூரிகளில் களப்பணி, மலைவாழிடங்களுக்குச் செல்லும் சுற்றுலாவாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. பேருந்திலிருந்து இறங்காமல் எழுதப்பட்ட களஅறிக்கைகள் படிப்போருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

பட்டத்துக்குப் பின்

புவியியல் பட்டதாரிகள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஆசிரியப் பணிக்கே சென்றனர். இந்தியக் குடிமைப் பணித் தேர்வுகளில் விருப்பப் பாடமாகவும் இது பலரால் எடுக்கப்படுகிறது. கொல்கத்தாவிலுள்ள தேசிய நிலப்பட நிறுவனம், ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை இத் துறையினர் பணியாற்றும் அரசு நிறுவனங்கள். நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, நீர்வள ஆய்வு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உள்ளன. தொலையுணர்வில் மேற்பயிற்சி பெற விரும்புவோர் டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்துக்குச் செல்வதுண்டு. தனியார் நிறுவனங்களில் புவியியல் தகவல் முறைமை தெரிந்தோருக்கு வேலை கிடைக்கிறது. ஆயினும் அவ் வேலைகள் பலவற்றுக்குக் கணினி, பொறியியல் பட்டதாரிகளும் போட்டியிடுகின்றனர். மென்பொருளை இயக்கத் தெரிந்தவர் பலர் வரும் நேர்காணலில், திரையில் தெரியும் நீலப் பகுதி ஏரியா, வெள்ளமா, உப்பளமா என்று பிரித்தறியக் கூடியவராக இருப்பதே புவியியல் மாணவரின் கூடுதல் தகுதியாகும்.